பாணை நிறுத்துமுன் இரத்தத்தைக் கொடுங்கள்

இந்த முறை வயிற்றைப் பற்றி எழுதப் போகிறோம். சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். கழிவறை விஷயமும் இடையில் வரும்.

கதை எங்கள் வீட்டுக் கதைதான். பிள்ளைகளின் அம்மாவுக்கு இரண்டு வருடமாக உடம்பு சரியில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் வயிறு ஊதி நிற்கும். கிழமையில் மூன்று நாலு நாள் வயிற்றோட்டம். வாய்ப்புண் ஒன்று ஆற இன்னொன்று வரும். இரத்தத்தைச் சோதித்து இரும்புச்சத்துக் குறைவு என்று குளிசை கொடுத்தார்கள். மூன்று மாதம் போட்டால் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். ஊரிலிருந்து மாமி ரெலிபோனில் சொன்னா, "பொம்பிளையளுக்கு ரத்தம் குறையிறது வழமைதானே, முருங்கையிலையை வறுத்துக் குடுங்கோ" என்று. கோயிலில் கண்ட ஒருவர் உள்ளியைப் பாலில் அவிச்சுக் குடிக்கச் சொன்னார். இரண்டும் செய்து பார்த்தோம். முருங்கையிலை ஒன்றும் செய்யவில்லை. உள்ளிப்பால் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

ஜீ.பி.யிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். பகல் வேலை என்றபடியால் எங்களுக்குக் கூடப்போக முடியவில்லை, பன்னிரண்டு வயது மூத்தவன்தான் மொழிபெயர்ப்பாளன். பெற்ற மகனிடம் ஒரு தாய் தன் மலத்தைப் பற்றி எப்படிச் சொல்லுவாள்? "அம்மாவுக்குக் களைப்பாம்" என்று மட்டும் அவன் சொல்ல, டொக்டர் களைப்புக்கு உரிய மருந்தைக் கொடுத்து அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவரிடம் போய்ச் சேர்ந்தது கால்வாசிக் கதை.

இந்த நேரத்தில்தான் தமிழ்க்கடையில் காசு கொடுக்கும் மேசையில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. விரலில் குத்தி நாலு துளி இரத்தத்தைத் தபாலில் அனுப்பினால், எந்தெந்த உணவு உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்வார்களாம். பெயரை இங்கே போடவில்லை; அந்த ஒன்றுதான் என்றில்லை, அதே மாதிரிப் பல இருக்கின்றன. விலை எங்களுக்கு ஒரு கிழமை ஓவர்ரைம் காசு. இரண்டு கிழமையில் பதில் வந்தது. நாலு பக்கம், வழுவழுத்த கடதாசி, பச்சை மஞ்சள் சிவப்பு. சிவப்பில் கோதுமை, பால், முட்டை, எள்ளு, கச்சான், பயறு, மிளகு என்று பதினெட்டுச் சாமான். எங்கள் குசினி அலுமாரியைத் திறந்து பார்த்து எழுதினது போல இருந்தது.

எங்களைப் போல ஓ.எல். உடன் படிப்பை விட்ட ஆட்களுக்கு ஆய்வுகூடம் என்ற சொல் போதும். அதிலே கலரும் போட்டு எண்ணும் போட்டிருந்தால் வேதவாக்கு. அன்றைக்கே பதினெட்டுச் சாமானையும் நிறுத்தினோம். மூன்று மாதம் அவ சோறும் பூசணிக்காயும் கீரையுமாகக் காலத்தைக் கழித்தா. ஆறு கிலோ இறங்கியது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது, வயிறு ஆறியது. வயிற்றோட்டம் நின்றுவிட்டது. பக்ரறியில் கூட வேலை செய்கிற நாலு பேருக்கு அந்தச் சோதனையைச் சிபாரிசு செய்தும் விட்டோம். அந்த நாலு பேரிடமும் இந்த எழுத்தின் மூலம் மன்னிப்புக் கேட்கிறோம்.

மெலிவைக் கண்டு பயந்து திரும்ப ஜீ.பி.க்குப் போனபோது அங்கே ஒரு புதிய பெண் டொக்டர். மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ரெலிபோனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தா. முகம் தெரியாத ஒரு பெண்குரலிடம் பிள்ளைகளின் அம்மா இரண்டு வருடக் கதையையும் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டா. மொழிபெயர்ப்பாளருக்குக் காசு இல்லை. நேரம் எடுக்கும்போதே கேட்டுவைத்தால் ஒழுங்குபண்ணுவார்கள். புதிதாக வந்தவர்கள் இதை அறிந்திருங்கள். இங்கிலாந்தில் ஜீ.பி.யில் பதிவதற்கு முகவரிச் சான்றோ விசாக் கடதாசியோ கட்டாயமும் இல்லை.

டொக்டர் எழுதிய சோதனைக்குப் பெயர் ரி.ரி.ஜி. இரத்தம் எடுத்தார்கள். பதில் வந்தது: சாதாரணம், ஒன்றுமில்லை. எங்களுக்குச் சந்தோசப்படுவதா என்றும் தெரியவில்லை. அடுத்த நாள் டொக்டரே ரெலிபோன் எடுத்தா.

"இரத்தம் கொடுக்கிற காலத்தில் கோதுமை சாப்பிட்டீங்களா?"

"இல்லை டொக்டர், மூன்று மாசமாய்த் தொட்டதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னோம்.

மறுபக்கம் சிறிது நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னா, "அப்படியென்றால் இந்தப் பதிலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திரும்பச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பச் சோதிக்க வேணும்."

அந்த இரவு வேலையில் நின்றபோதுதான் அது எங்களுக்கு வடிவாக விளங்கியது. நாங்கள் வேலை செய்வது சாப்பாட்டுப் பக்ரறியில். பெல்ற்றின் கடைசியில் உலோகம் பிடிக்கிற மிசின் ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் ஊசியோ ஆணியோ விழுந்திருந்தால் தள்ளிவிடும். வெறும் பெல்ற்றை ஓட விட்டால் அந்த மிசின் நாள் முழுக்க "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை. அதற்கூடாகச் சாமான் ஒன்றும் போகவில்லை, அவ்வளவுதான். நாங்கள் செய்தது அதே வேலை. பெல்ற்றைக் காலியாக்கிவிட்டு மிசினைக் கேட்டோம்.

விஷயம் இதுதான். கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் உண்டு. மாவைப் பிசைந்தால் இழுபடுவது அதனால்தான். சிலருடைய உடம்பு அந்தக் குளூட்டனைக் கண்டதும் தன் சிறுகுடலையே எதிரி என்று நினைத்துத் தாக்கத் தொடங்கும். குடலின் உட்சுவரில் பூந்துவாய் மாதிரி மெல்லிய முளைகள் இருக்கின்றன. சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சுவது அவைதான். அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால் இரும்புக் குளிசையை அள்ளிப் போட்டாலும் சரியாக உள்ளே போகாது. இதற்குத்தான் சீலியாக் நோய் என்று பெயர். இது ஒவ்வாமையும் இல்லை, செமியாக்குணமும் இல்லை. பிரித்தானியாவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. கனபேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. தானியந்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் டிக்கே என்ற ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர். முன்னரே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் யுத்தத்தால் ஒல்லாந்தில் பாண் கிடைக்காமல் சனம் பட்டினி கிடந்த நேரம், அவருடைய நோயாளிப் பிள்ளைகள் மாத்திரம் தேறி வந்தார்கள். யுத்தம் முடிந்து பாண் வந்ததும் திரும்பவும் விழுந்தார்கள். பஞ்சத்தில் தேறிய பிள்ளைகள்! யுத்தத்துக்குள் இருந்து வந்த எங்களுக்கு அதை வாசிக்க ஒரு மாதிரி இருந்தது.

உடம்பு தாக்கும்போது இரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள் உண்டாகும். அது எதைக் குறிவைக்கிறது என்று 1997இல் ஜேர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதை அளப்பதுதான் ரி.ரி.ஜி. சோதனை. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் எதிர்ப்பொருள் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைந்து மறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கும். அதனாலேதான் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2015இல் திட்டமாக எழுதி வைத்திருக்கிறது: சோதனைக்கு முன் ஆகக்குறைந்தது ஆறு கிழமை, ஒவ்வொரு நாளும், ஒரு நேரத்துக்கு மேற்பட்ட சாப்பாட்டில் குளூட்டன் இருக்க வேண்டும். துண்டுப் பிரசுரக்காரர் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்களிடம் கேட்டிருந்தால் நாங்கள் பாணை நிறுத்தியிருக்க மாட்டோம்.

அந்த ஆறு கிழமையை என்னவென்று எழுதுவது. சுகம் வந்த ஒருவருக்கு நோவு வரும் என்று தெரிந்துகொண்டே காலையில் இரண்டு துண்டுப் பாணும் இரவில் கோதுமை மாப் புட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். நாலாம் நாளே வயிற்றோட்டம் வந்துவிட்டது. மூன்றாம் கிழமை, இரவு வேலை முடிந்து விடியப் புறம் வீட்டுக்கு வந்தால், குளியலறை வாசலில் துவாயை விரித்து அதிலேயே படுத்திருந்தா. "இஞ்சேருங்கோ, இனிக் காணும், விடுவம். எனக்குக் கோதுமை சரிவராது எண்டு தெரியுந்தானே, பிறகென்னத்துக்குப் பேப்பர்?" என்று அழுதா. எங்களுக்கும் அந்த நேரம் அதுதான் நியாயமாகப் பட்டது. உண்மையில் பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். டொக்டரிடம் கேட்டோம். அவ சொன்ன காரணத்துக்காகத்தான் தாக்குப்பிடித்தோம்: சீலியாக் என்றால் வாழ்நாள் முழுக்க ஒரு துண்டும் தொடக் கூடாது. எலும்பு தேய்ந்திருக்கிறதா, தைரொயிட் சுரப்பி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வருடாவருடம் கவனிக்க வேண்டும், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். சீலியாக் இல்லையென்றால் இதில் ஒன்றும் வேண்டியதில்லை, அவ்வப்போது பணிஸ் சாப்பிட்டாலும் பாதகமில்லை. இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. ஊகத்தில் ஒன்றைப் பிடிக்க ஏலாது.

(ஒரு எச்சரிக்கை: கோதுமை பட்டவுடன் உதடு வீங்கி, தோல் தடித்து, மூச்சு இழுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அது ஒவ்வாமை. அதற்குத் தோலில் குத்தியோ வேறு இரத்தச் சோதனை மூலமோ பார்ப்பார்கள். அவர்கள் இந்த ஆறு கிழமை விளையாட்டை வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது.)

ஆறு கிழமை முடிய இரத்தம் கொடுத்தோம். இந்த முறை ரி.ரி.ஜி. உயர்ந்திருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் வாய்க்குள்ளால் குழாய் விட்டுச் சிறுகுடலில் சிறு சிறு துணுக்குகள் எடுத்துப் பார்த்தார்கள். பயொப்சி என்பார்கள். அதற்கும் பாண் சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். இரத்தச் சோதனை முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. எதிர்ப்பொருள் மிகவும் உயர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, மேலதிகமாக இன்னொரு இரத்தச் சோதனையோடு, குழாய் விடாமலே விசேட வைத்தியர் முடிவு சொல்வதும் உண்டு. எங்கள் வீட்டில் குழாய் விட்டுத்தான் பார்த்தார்கள். சீலியாக் என்று எழுத்தில் வந்தது. அன்றைக்கே கோதுமையை நிறுத்தினோம். பாலும் முட்டையும் எள்ளும் பயறும் அன்றைக்கே குசினிக்குள் திரும்பி வந்தன. அந்தச் சிவப்பு வரிசையில் பதினேழு சாமான் நிரபராதிகள்.

அப்படியென்றால் தபால்காரரின் ஆய்வுகூடம் அளந்தது எதை? ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு எதிர்ப்பொருளை. நாங்கள் அடிக்கடி சாப்பிடுகிற சாமானுக்கு ஐ.ஜி.ஜி. உண்டாவது சுகமான உடம்பிலும் நடப்பதுதான். அது "இதைச் சாப்பிட்டிருக்கிறேன்" என்று உடம்பு எழுதி வைக்கும் குறிப்பு, "இது ஒத்துவராது" என்ற முறைப்பாடு இல்லை. குசினி அலுமாரியைப் பார்த்து எழுதியது போல இருந்தது என்றோமே, விளையாட்டுக்குச் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. கனடாவின் ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2012இல் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்று அறிக்கை விட்டது. பிள்ளைகளின் உணவு ஒவ்வாமைக்கு ஐ.ஜி.ஜி. சோதனையோ, மயிர் அனுப்பிப் பார்ப்பதோ, வேகா மிசினோ பாவிக்க வேண்டாம் என்று நைஸ் 2011இலேயே சொல்லிவிட்டது. எங்களுக்கு ஆறு கிலோவும் மூன்று மாதமும்தான் போயின. வளருகிற பிள்ளைக்கு இப்படிப் பதினெட்டுச் சாமானை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆய்வுகூடம் நல்லதா கெட்டதா என்று எங்களைப் போன்ற ஆட்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? திரும்பவும் அந்த உலோக மிசினிடம் வருவோம். ஒவ்வொரு மணித்தியாலமும் நாங்கள் இரும்புத் துண்டு, பித்தளைத் துண்டு, துருப்பிடிக்காத உருக்குத் துண்டு வைத்த மூன்று கோல்களைப் பெல்ற்றில் வேண்டுமென்றே அனுப்புவோம். மூன்றையும் மிசின் பிடிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் கடைசியாகச் சரியாகப் பிடித்த நேரத்திலிருந்து போன பெட்டி எல்லாவற்றையும் மறித்து வைத்துவிடுவார்கள். மிசினை நம்பலாம் என்பதற்கு அதன் பளபளப்பு சாட்சி இல்லை, அந்தக் கோல்தான் சாட்சி. மருத்துவ ஆய்வுகூடங்களுக்கும் அப்படியொரு கோல் உண்டு. விடை தெரிந்த இரத்த மாதிரிகளை வெளியார் அனுப்பி, சரியாகச் சொல்கிறார்களா என்று பார்ப்பார்கள். பிரித்தானியாவில் நெக்வாஸ் என்ற ஏற்பாடு அந்த வேலையைச் செய்கிறது. ஐ.எஸ்.ஓ. 15189 என்பது மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான தரம். அதைப் பார்த்து அங்கீகாரம் கொடுப்பது யூக்காஸ். காசு கட்டுமுன் கேளுங்கள்: உங்கள் ஆய்வுகூடத்துக்கு யூக்காஸ் அங்கீகாரம் உண்டா, நான் கேட்கிற இந்தச் சோதனைக்கே உண்டா? பின் பாதிதான் முக்கியம். கொலஸ்ரரோல் அளக்க அங்கீகாரம் வாங்கிய இடம் அதே பத்திரத்தைக் காட்டி வேறொன்றை விற்கலாம். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐ.ஜி.ஜி.யை மிகச் சரியாக அளக்கிற ஆய்வுகூடமும் இருக்கும். சரியாக அளந்த எண்ணாலும் உங்கள் வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சரியால் என்ன பிரயோசனம்?

ஆகவே நாங்கள் சொல்வது, முதலில் ஜீ.பி. அங்கே இரத்தச் சோதனைக்குக் காசு இல்லை. மாதிரி போவது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு. போய் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை தரம் வெளியே போகிறது, எவ்வளவு காலம், நிறை குறைந்ததா, வாய்ப்புண் வருகிறதா, இரும்புக் குறைவு திரும்பத் திரும்ப வருகிறதா, வீட்டில் யாருக்காவது சீலியாக்கோ தைரொயிட்டோ சிறுவயதுச் சலரோகமோ உண்டா, இவை எல்லாவற்றையும் தமிழிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். "ரி.ரி.ஜி.யும் மொத்த ஐ.ஜி.ஏ.யும் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது ஏன் என்றால், ரி.ரி.ஜி. சோதனை அளப்பது ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளை. சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. இல்லை; சீலியாக்காரரில் அப்படியானவர்கள் கொஞ்சம் கூட. அவர்களுக்கு நோய் இருந்தாலும் சோதனை "ஒன்றுமில்லை" என்றே சொல்லும். வேறு வகையில் பார்க்க வேண்டும். பதில் வந்ததும் "நோமல்" என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துவிடாதீர்கள். பேப்பரைக் கேட்டு வாங்கிக் கோவையில் வையுங்கள்.

மருந்துக்கடையில் சீலியாக்குக்கு என்றே விற்கிற விரல்குத்துப் பெட்டியும் இருக்கிறது. அது குறைந்தபட்சம் சரியான எதிர்ப்பொருளைத் தேடுகிறது. ஆனால் ஆம் என்றாலும் ஜீ.பி.யிடம்தான் போக வேண்டும், இல்லை என்றாலும் நோவு நிற்காவிட்டால் ஜீ.பி.யிடம்தான் போக வேண்டும். பிறகு எதற்கு நடுவில் ஒரு செலவு? பரம்பரை அலகுச் சோதனை இன்னொன்று. அந்த அலகு சனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உண்டு. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. அலகு இல்லையென்றால் நோய் இல்லை என்று அநேகமாகச் சொல்லலாம், இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. விசேட வைத்தியர் தேவைப்பட்டால் எடுப்பார். மலத்தை அனுப்பினால் குடலில் உள்ள கிருமிகளின் பட்டியல் தருகிறோம் என்று இப்போது விற்கிறார்களே, அந்தப் பட்டியலை வைத்து ஜீ.பி. எந்த மருந்தை எழுதுவார் என்று விற்கிறவரிடமே கேட்டுப் பாருங்கள்.

வயிற்றுக் குழப்பம் எல்லாம் கோதுமையும் இல்லை. எங்கள் ஆட்களில் கனபேருக்கு வயது வந்தபின் பால் சரியாகச் செமிப்பதில்லை. இரண்டு கிழமை பாலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினாலே தெரியவரும். நெஞ்செரிவும் மேல்வயிற்று நோவும் என்றால் பைலோறி என்ற கிருமியாக இருக்கலாம். மூச்சு ஊதியோ மலத்திலோ பார்ப்பார்கள். அதற்கு முன் ஒமெப்ரசோல் மாதிரியான அமிலக் குளிசையை இரண்டு கிழமையும், அன்ரிபயோற்றிக் மருந்தை நாலு கிழமையும் போட்டிருக்கக் கூடாது. அதுவும் காலி பெல்ற் கதைதான். டொக்டரிடம் கேட்டே நிறுத்துங்கள். குடல் உண்மையில் வெந்து புண்ணாகியிருக்கிறதா, வெறும் குழப்பமா என்று பிரித்தறிய மலத்தில் கல்புறொரெக்ரின் என்று ஒன்றை அளப்பார்கள். நோவுக்கு இபுபுறொபன் போட்டிருந்தால் அது தானாகவும் கூடும், சொல்லிவிடுங்கள். மலத்தோடு இரத்தம் போனால், காரணமில்லாமல் மெலிந்தால், இரவில் நித்திரையைக் குழப்பி வயிற்றோட்டம் வந்தால், இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே ஜீ.பி.க்கு ரெலிபோன் எடுங்கள்.

எல்லாச் சோதனையும் சுத்தம், ஆனாலும் பாண் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கென்று ஒரு இரத்தச் சோதனை இன்னும் கிடையாது. இருப்பதாக விற்றால் நம்ப வேண்டாம். ஒஸ்லோவில் இப்படியான 59 பேருக்கு, எது எதற்குள் என்று சொல்லாமல், குளூட்டன் போட்டதும், புறக்ரான் என்ற ஒரு வகைச் சர்க்கரை போட்டதும், இரண்டும் இல்லாததுமாகத் தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் அந்த முடிவு வெளியானது. வயிற்றைக் கூடுதலாகக் குழப்பியது புறக்ரான். குளூட்டனுக்கும் ஒன்றும் போடாததற்கும் வித்தியாசம் காணவில்லை. அந்தப் புறக்ரான் கோதுமையிலும் இருக்கிறது, வெங்காயத்திலும் உள்ளியிலும் தாராளமாக இருக்கிறது. உள்ளிப்பால் ஏன் எங்கள் வீட்டில் கூத்தாடியது என்று இப்போது விளங்கியிருக்கும். ஏற்கெனவே புண்ணான குடலில் அதையும் ஊற்றினோம்.

"சீலியாக் வெள்ளைக்காரரின் வருத்தமல்லவா, எங்களுக்கு ஏது?" என்று ஒரு நண்பர் கேட்டார். 2016இல் வெளியான ஒரு இந்திய ஆய்வில் 23,000 இற்கும் மேற்பட்ட ஆட்களைப் பார்த்தார்கள். சீலியாக்குக்கு உரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல். தென்னிந்தியாவில் ஆயிரம் பேரில் ஒருவர் அளவில். ஆனால் அந்தப் பரம்பரை அலகு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு! வித்தியாசம் கோதுமையில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். சரி, எங்கள் வீடுகளில் எவ்வளவு? காலையில் பாண், மத்தியானம் சான்விச், பின்னேரம் ரோல்ஸ், இரவு அவிச்ச கோதுமை மாவில் புட்டு. ஊரில் "அமெரிக்கன் மா" வந்த காலத்திலிருந்து எங்கள் தோசைக்குள்ளும் கோதுமை மா புகுந்துவிட்டது. உழுந்துத் தோசை என்று நினைத்துச் சாப்பிடுகிறோம்.

இப்போது எங்கள் குசினியில் அரிசி மாப் புட்டு, குரக்கன் ரொட்டி, ஒடியல் மா கிடைக்கிற நேரம் கூழ். ஆஸ்பத்திரி டயற்றீசியன் சொல்லித்தான் பெருங்காயப் போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். கோதுமை மா கலந்திருக்கிறது! ரவை, சேமியா, நெஸ்ரமோல்ட், ஹோர்லிக்ஸ் எல்லாம் போயின. கடையில் வாங்குகிற இடியப்பத்தையும் சிவத்த அரிசிமாப் பைகளையும் கேட்காமல் வாங்குவதில்லை, கலப்பு இருக்கிறது. (டயற்றீசியன் என்ற பெயரை இந்த நாட்டில் பதிவு செய்தவர் மட்டுமே போடலாம். நியூற்றிசனிஸ்ற் என்று யாரும் பலகை தொங்கவிடலாம். துண்டுப் பிரசுரத்தில் இருந்தது இரண்டாவது.) ஏழு மாதமாகிறது. இரும்புக் குளிசையை நிறுத்தியும் இரத்தம் இறங்கவில்லை. போன கிழமை பிள்ளைகளின் அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடினதைக் கண்டோம். ஓடினதை நாங்கள் கண்டு எவ்வளவு காலம்.

சீலியாக் உள்ளவரின் பிள்ளைகளுக்கும் சகோதரங்களுக்கும் பத்தில் ஒருவர் அளவில் வரக்கூடும் என்பதால் மூத்தவனைச் சோதித்தோம், இல்லை என்று வந்தது. நோய்க்குறி ஏதும் தொடங்கினால் திரும்பப் பார்க்க வேண்டும். கனடாவில் இருக்கும் அவவின் தங்கைக்கும் ஊரில் இருக்கும் அண்ணருக்கும் சொல்லியாயிற்று. சின்னவளுக்கு வருகிற வியாழன் இரத்தம் எடுக்கிறார்கள். அதுவரைக்கும் அவளுக்கு நாளுக்கு இரண்டு நேரம் பாண் கட்டாயம், டொக்டரின் உத்தரவு. அம்மாவுக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு, பின்கதவுப் படியில் போய் இருந்து சாப்பிடுகிறாள்.